நிலாத்தூளின் விலை

ஞாயிற்றுக்கிழமை மதியம், பெர்லா மனாங்கின், அதாவது பெர்லா அக்காவின், பேக்கரியில் அடுப்பு ஆறிய பிறகு, நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றுவோம். காலையில் மாவு பிசைந்த அதே மேசைதான். ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தாலும், பகடையை உருட்டினால் கொஞ்சம் மாவு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். பக்கத்து லா பாஸ் சந்தைக்கு வந்துபோகிறவர்கள் கம்பி வலைக்கு வெளியே நின்று, சூதாடுகிறோம் என்று நினைத்து, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். யாரும் ஜெயிப்பதில்லை. இது அப்படிப்பட்ட ஆட்டம் அல்ல.

திபோய் கதையை நடத்துவார். ஓர் ஊர், ஒரு பூதம், ஓர் ஆபத்து என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும், பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். மனாங் கோடாலி ஏந்திய படைத்தலைவி. நிஜத்தில் முழங்கால் வலியால் மாடிப்படி ஏற மாட்டார், கதையில் கோட்டை மதிலைத் தாண்டிக் குதிப்பார். நெரிசா பள்ளிக்கூட ஆசிரியை, கதையில் நோய் தீர்க்கும் பூசாரிணி. எனக்குப் படகோட்டி வேடம். நான் கேட்டு வாங்கியதல்ல. என் பெயர் ரோமில். 'ரோமில், நீ கப்பலில் வேலை செய்தவன்தானே' என்று அவர்களாகவே பார்த்துக் கொடுத்தது.

அது பொய். கப்பலில் இருந்ததாகச் சொன்ன பதினோரு மாதமும் நான் மலைப்பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தேன். அதற்கு முன் ஆறு வருஷம் போதைத்தூள் இழுத்தேன். கடைசி இரண்டு வருஷம் விற்கவும் செய்தேன். இலோயிலோவில் ஓர் ஆண்பிள்ளை ஒரு வருஷம் கண்ணில் படாமல் போனால், கப்பலுக்குப் போயிருப்பான் என்று ஊரே தானாக நினைத்துக்கொள்ளும். தெருவுக்கு மூன்று பேர் கடலில் இருக்கிற ஊர் இது. பேக்கரி வாசலில் 'ஆள் தேவை' என்ற அட்டையைப் பார்த்து உள்ளே நுழைந்தபோது, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று மனாங் கேட்டார். கப்பலில் என்றேன். சமையற்கட்டிலா என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

வேலை கொடுத்தார். மேல்மாடியில் ஓர் அறை கொடுத்தார். மூன்றாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒரு நாற்காலியும் கொடுத்தார். உலகத்தில் எனக்கென்று இருந்தது அந்த மூன்றும்தான். மையத்திலிருந்து என்னோடு வெளியே வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் அந்த மாசமே பழைய இடத்துக்குப் போய்விட்டார்கள். பொய் உடைந்தால் வேலை, அறை, நாற்காலி மூன்றும் போய்விடும், அதற்குப் பிறகு நான் எங்கே போவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கதையை நடத்தும் திபோய் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பில் பிள்ளைகள் கேட்காததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தலையில் கட்டுவார். பூதத்தைக் கொன்று எடுத்துவந்த தங்கத்தால் ஊரில் அரிசி விலை ஏறிவிட்டது என்று ஒருதடவை எங்களுக்கு அபராதம் போட்ட மனிதர். பூதம் சும்மா இருந்திருந்தால் பாதிச் சோறாவது கிடைத்திருக்கும் என்று மனாங் அன்று முழுக்கத் திட்டினார். அப்படிப்பட்டவர் என் ஐந்தாம் மாதத்தில் புதுக்கதை ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே கோடு போட்ட தாளில் ஒரு விலைப்பட்டியல்.

கதை இதுதான். ஆதியில் வானத்தில் ஏழு நிலா இருந்ததையும், பக்குனாவா என்ற கடல்பாம்பு அவற்றில் ஆறை விழுங்கிவிட்டதையும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திபோய் அதற்குமேல் ஒன்றைச் சேர்த்திருந்தார். உண்ட களைப்பில் பாம்பு கடலடியில் தூங்குகிறது. அதன் செதிலில் நீலப்பாசி படர்கிறது. அதைச் சுரண்டிக் காயவைத்துப் பொடித்தால் நிலாத்தூள். ஒரு சிட்டிகை இழுத்தவனுக்கு ஏழு நிலாவும் திரும்ப வானத்தில் தெரியும். அரசி அதைத் தடைசெய்துவிட்டாள். ஆனாலும் துறைமுகத்தில் விற்பனை அமோகம். அதை ஒழிக்க வேண்டியது எங்கள் மூவரின் வேலை.

எங்கள் மேசையின் நடுவில் எப்போதும் ஒரு சிவப்பு அட்டை இருக்கும், கேக் பெட்டியிலிருந்து வெட்டியது. இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் பல ஊர்களிலும் வைத்திருக்கும் வழக்கம் அது. கதையில் ஏதாவது ஒன்று தாங்க முடியாமல் போனால் அட்டையைத் தொட்டால் போதும். அந்தக் காட்சி அங்கேயே நின்றுவிடும். ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்கக்கூடாது, அன்றும் கேட்கக்கூடாது, பிறகும் கேட்கக்கூடாது. குழந்தை ஒன்று ஆற்றில் போகிற காட்சியில் நெரிசா ஒருதடவை தொட்டிருக்கிறாள். இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று மனாங் மட்டும் கேலி செய்வார், ஒருநாளும் தொட்டதில்லை. நான் தொட்டிருக்கலாம். கேட்க மாட்டார்கள்தான். ஆனால் நினைக்கக்கூடாது என்று விதி இல்லையே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

மூன்று ஞாயிறு ஓடியது. பாசி சுரண்டும் குகையில் ஒரு சிட்டிகை ஒரு செம்புக்காசு, துறைமுகத்தில் பத்து, மேட்டுத் தெருவில் நூறு என்று திபோயின் தாளில் எல்லாம் சுத்தமாக இருந்தது. மூன்றாம் ஞாயிறு நாங்கள் சரக்குப் படகு மூன்றையும் எரித்தோம். மனாங் கோடாலியால் பாய்மரத்தைச் சாய்த்தார், நான் துடுப்புப் போட்டேன், பகடை எங்கள் பக்கம் நின்றது. துறைமுகச் சந்தில் பொட்டலம் விற்கும் பீலோ என்ற பொடியன் ஒருவனையும் பிடித்துக் கட்டிப்போட்டோம். அவனைத் தூக்கில் போடவேண்டும் என்பது அரசியின் சட்டம்.

திபோய் பட்டியலைப் பார்த்து, பென்சிலால் கணக்குப் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். மூன்று படகு போனதில் சரக்கு கால்வாசியாகிவிட்டது. விலை நாலு மடங்கு. அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. ஆகவே நிலாத்தூள் வியாபாரம் செத்தது.

நுணலும் தன் வாயால் கெடும். இந்த ஆட்டக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் கூரை ஒழுகினால் பொறுத்துக்கொள்வார்கள், ஆட்டத்தில் ஒரு விதி தப்பாக இருந்தால் பொறுக்க மாட்டார்கள். ஐந்து மாதத்தில் எனக்கும் அது தொற்றியிருந்தது.

"சாகாது" என்றேன்.

ஏன் சாகாது என்று திபோய் கேட்டார். கோபத்தில் அல்ல, ஆசையில். கேள்வி கேட்கும் மாணவன் அவருக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

நான் ஆரம்பித்தேன். விலை ஏறினால் வாங்குகிறவன் விலகிவிடுவான் என்பது அரிசிக்குச் சரி, தூளுக்குச் சரியல்ல என்றேன். அவன் முதலில் வீட்டுச் சட்டியை விற்பான், அப்புறம் தங்கச்சியின் செருப்பை விற்பான். விற்க ஒன்றும் இல்லாதபோது அவனே விற்பனைக்காரன் ஆவான். பீலோவுக்குச் சம்பளம் என்று பட்டியலில் நாலு காசு போட்டிருக்கிறீர்களே, அவன் காசைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான் என்றேன். பத்துப் பொட்டலம் கொடுப்பார்கள், எட்டை விற்றுவந்து கணக்குக் காட்டவேண்டும், மிச்சம் இரண்டுதான் அவன் கூலி. அதனால் விலை நாலு மடங்கு ஏறினால் வாங்குகிறவன் குறைய மாட்டான், விற்கிறவன்தான் நாலு மடங்கு ஆவான். தூள் குறைந்தால் சிப்பிச் சுண்ணாம்பைக் கலப்பார்கள். எரிந்த படகுகூட முதலாளி தானே காட்டிக்கொடுத்த பழைய படகாக இருக்கும். காவலாளிக்கும் பெயர் வேண்டும், முதலாளிக்கும் விலை ஏற வேண்டும். மாசத்துக்கு ஒரு பீலோ மாட்டுவதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்திதான்.

திபோய் எழுதிக்கொண்டே இருந்தார். பென்சில் முனை ஒடிந்தது, மனாங் காதில் செருகியிருந்த பென்சிலைப் பிடுங்கி எழுதினார். நானும் நிறுத்தவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருஷக் குப்பை முதல்தடவையாக எதற்கோ பயன்பட்டது.

"சரிடா, எல்லாம் ஒத்துக்கறேன்" என்றார் திபோய். "அப்ப இந்த பீலோ எப்படி வெளிய வருவான்? எத்தன காசு குடுத்தா வருவான்? அதுக்கு ஒரு எண் சொல்லு, பட்டியல்ல போடணும்."

"காசு குடுத்தா வரமாட்டான்" என்றேன். "அடிச்சாலும் வரமாட்டான். காலைல எழுப்பி, எந்திரிடா, வேலை கெடக்குன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அப்படி ஒரு ஆளு இருந்தா வருவான். அதுவும் நிச்சயமில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. ஒவ்வொரு விடியற்காலையும் கரண்டியால் கூரைக் குழாயைத் தட்டி, மாவு உனக்காகக் காத்திருக்கிறது மகாராஜா என்று கத்தி என்னை எழுப்புகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

நெரிசாதான் கேட்டாள். "ரோமில், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

என் வாய் திறந்தது. கப்பலில் கூட வேலை செய்த ஒருவன் சொன்னான் என்ற வாக்கியம் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் மனாங்கின் கை நீண்டது. மாவு பிசைந்து வெடித்த தடித்த விரல் சிவப்பு அட்டையின்மேல் பட்டது.

விதி விதிதான். திபோய் பென்சிலைக் கீழே வைத்தார். நெரிசா தன் கேள்வியை அப்படியே விழுங்கிக்கொண்டாள். காட்சி மாறியது, அரசியின் அரண்மனையில் ஏதோ விருந்து, நான் பகடை உருட்டினேன், என்ன எண் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அட்டையை ஒருநாளும் தொடாதவர் தொட்டுவிட்டார். நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, என் பேச்சைக் கேட்கவே அருவருத்துவிட்டார். விதவை மனுஷி, கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு மாதாகோவிலுக்குப் போகிறவர், தன் வீட்டு மாடியில் யாரைக் குடிவைத்திருக்கிறோம் என்று இப்போது நினைத்துப் பார்ப்பார். திங்கட்கிழமை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கரண்டியால் குழாயைத் தட்டினார், மகாராஜா என்று கத்தினார், உப்பு அதிகம் என்று திட்டினார். செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வையவேண்டியதற்கு வையாமல் இருந்தால் அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை சைக்கிளில் ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பும்போது, முன்பு நான் தூள் விற்ற பழைய சந்தின் முனையில் என் கால் தரையில் ஊன்றியது. உள்ளே போகவில்லை. ஆனால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டால், கூடையில் மிச்சமிருந்த ரொட்டி ஆறிப்போகும் அளவுக்கு.

அன்றுதான் முடிவு செய்தேன். துரத்துவதற்குக் காத்திருந்தால் அந்தச் சந்துக்குத்தான் போவேன். சொல்லிவிட்டுப் போனால் ஒருவேளை வேறு எங்காவது போகலாம். சனிக்கிழமை என் பையைக் கட்டி வைத்தேன்.

ஞாயிறு மேசையில் பகடையைத் தொடுவதற்கு முன்னால் சொன்னேன். ஆறு வருஷம், அதில் இரண்டு வருஷ விற்பனை, மலைப்பக்கத்து மையம், பதினோரு மாதம், கப்பல் என்பது சுத்தப் பொய் என்பது, எல்லாம். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். நின்றும் அழுதேன். வியாழக்கிழமை சந்து முனையையும் மறைக்கவில்லை. சாயங்காலமே அறையைக் காலி செய்துவிடுகிறேன், எனக்கு நீங்கள் மூவரும் செய்ததை மறக்க மாட்டேன் என்று முடித்தேன்.

திபோய் வாயைப் பிளந்துகொண்டு இருந்தார். பாவம், அவருக்கு நிஜமாகவே தெரியாது. அன்று அவ்வளவு எழுதியவர் தாளைத் தாண்டி ஒன்றையும் பார்க்கவில்லை. நெரிசா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். மனாங் மூக்கைச் சிந்திவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"கப்பல்ல இருந்து வந்தவன் ஒரு சாக்லேட் கொண்டாந்தியாடா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எதுத்த வீட்டுக்காரன் கப்பல்ல தட்டுக் கழுவத்தான் போனான். வரும்போது தெருவுக்கே பொட்டி பொட்டியா சாக்லேட் எறக்கினான், நாய்க்குக்கூடக் கெடச்சுது. நீ ரெண்டு சட்டையோட வந்து நின்ன. ஒரு சோப்புக்கட்டிகூடக் கையில இல்ல. அன்னிக்கே தெரியும், நீ கடலையே பாக்காதவன்னு."

"பின்ன ஏன் வேலை குடுத்தீங்க, மனாங்?"

"ரொட்டிக்கு எதுக்குடா கடலு? மாவு பிசையத்தான ஆள் கேட்டேன்."

திபோய் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். அப்படியென்றால் போன வாரம் அட்டையை ஏன் தொட்டீர்கள் என்று நான் கேட்டேன். கேட்கக்கூடாது என்ற விதியை மேசையில் முதலில் மீறியவன் நான்தான். மனாங் அதற்கும் திட்டவில்லை.

"இவ கேட்டுட்டா. நீ வாயத் தொறந்துட்ட. கப்பல்ல ஒருத்தன் சொன்னான்னு இன்னொண்ணு அவுத்து விடப்போறன்னு மூஞ்சியிலயே தெரிஞ்சுது. ஒரு பொய்ய அஞ்சு மாசமா நான் சொமந்துட்டேன். ரெண்டாவதச் சொமக்க என் முழங்கால் தாங்காது, தம்பி. நீயும் தாங்கமாட்ட."

இத்தனை நாளாக நான் ஒளித்துவைத்திருந்ததாக நினைத்ததை அவர்தான் பத்திரமாக வைத்திருந்தார். நான் வந்து வாங்கிக்கொள்வேன் என்று ஒவ்வொரு காலையும் குழாயைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டேன், பெரியவர்களுக்கு நாங்கள் செய்வது அது. அந்தக் கையில் எப்போதும்போல ஈஸ்ட் வாடை அடித்தது.

நெரிசா திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய தம்பி ஒருவன் இருப்பதாக மட்டும் எங்களுக்குத் தெரியும், அவனைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

"அந்த மையம் மலையில எங்க இருக்கு? நீ கூட வந்து காட்டுவியா?" என்று கேட்டாள்.

வருகிறேன் என்றேன். புதன்கிழமை அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த மலைப்பாதையில் இரண்டாம் தடவை ஏறும்போது, வழி தெரிந்தவனாக முன்னால் நடந்தேன். தம்பி பாதி வழியில் திரும்பிவிட்டான். அடுத்த மாதம் மறுபடி வந்தான். அது தனிக்கதை, அவன்தான் சொல்லவேண்டும்.

அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை. மனாங் பச்சோய் நூடுல்ஸ் வாங்கிவரச் சொன்னார், நாலு கிண்ணம், எலும்புச்சாறு நிறைய விட்டு. சூட்டில் மூக்கு ஒழுகியதா வேறு காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி நாலு பேரும் குடித்தோம். மேலே போய் என் பையைப் பிரித்தபோது, மனிதர்களுக்குக் கடவுள் கொடுக்கிற பரிசு சில சமயம் வாயைத் திறந்தால் திட்டு மட்டுமே வருகிற ஒரு பெண்ணின் உருவில் வரும் என்று நினைத்துக்கொண்டேன். இதை அவரிடம் சொன்னால் அதற்கும் திட்டுவார்.

அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்பாக நான் மேசைக்கு வந்தேன். பகடைகளுக்குப் பக்கத்தில் ஒரு சாக்லேட் பெட்டியை வைத்தேன். சம்பளத்தில் பாதி போய்விட்டது, பரவாயில்லை. திபோய் திருத்திய விலைப்பட்டியலோடு வந்தார், நெரிசா வந்தாள். மனாங் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கேர்ந்துடா வந்துது?"

"லா பாஸ் சந்தையிலேர்ந்து, மனாங்" என்றேன்.

அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். "நல்லாருக்கு" என்றார்.